தலைக்காயமும் தலையெழுத்தும்

தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடக்கும் குழந்தையின் பெற்றோர் டாக்டரிடம் முதலிற் கேட்பது ஒன்றே: "பிழைக்குமா?" பிழைத்துவிட்டது என்று தெரிந்த மறுநாளே இரண்டாவது கேள்வி பிறக்கிறது: "பழையபடி ஆகுமா?" முதற் கேள்விக்கு விடை சொல்ல வைத்திய சாஸ்திரம் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாவது கேள்விக்கு, அடிபட்ட மூளையைப் படமெடுத்து அப்படத்திலிருந்தே விடை காண முயலும் ஆராய்ச்சி கடந்த இருபது ஆண்டுகளாக மேல்நாடுகளில் நடந்து வருகிறது. இவ்வாராய்ச்சி நம் குழந்தைகளுக்கு எவ்வகையில் நன்மை தரும், எவ்விடத்தில் தீங்காகவும் முடியக்கூடும், இதில் சர்க்காரின் கடமை யாது, பொதுஜனங்களின் கடமை யாது என்பவற்றை இன்று ஆராயப் புகுகிறோம்.

இது பணக்கார தேசங்களின் விஷயம், நமக்கென்ன என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துக்கள் நேர்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு இது. விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்றது நமது தமிழ்நாடு: 64,105 விபத்துக்கள், 17,884 மரணங்கள். இறந்தவர்களுள் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். இவ்வண்டி இன்று செல்வர் வாகனம் அன்று. ஏழைக் குடும்பத்தின் மாட்டுவண்டியின் ஸ்தானத்தை அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. தகப்பன் ஓட்ட, தாய் பின்னே அமர, நடுவில் ஒரு குழந்தையும் முன்னே ஒரு குழந்தையுமாகச் செல்லும் காட்சியைக் காணாத சாலை நம் நாட்டில் இல்லை. இறந்தோரைக் கணக்கெடுக்கிறோம். பிழைத்து எழுந்தும் பழையபடி ஆகாத குழந்தைகளைக் கணக்கெடுப்பார் யார்?

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன விருத்தாசலம். மற்றொரு பக்கம் சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவு பகலாக லாரிகளும் பஸ்களும் பறக்கும் ராஜபாட்டையில் உள்ள வேப்பூர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கிராமங்களிலிருந்து பள்ளிக்கும் சந்தைக்கும் செல்லும் பிள்ளை ஒன்று வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால் என்ன நடக்கும்? 108 வண்டி வரும். அது 2008 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் நல்ல ஏற்பாடு. ஆனால் மூளை ரண சிகிச்சையில் தேர்ந்த டாக்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியை அடைவதற்கு முண்டியம்பாக்கமோ, புதுச்சேரி ஜிப்மரோ செல்ல வேண்டி வரலாம். விருத்தாசலத்திலிருந்து கடலூரே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மூளைக்குள் இரத்தம் கட்டும்போது கழியும் ஒவ்வொரு நிமிஷமும் குழந்தையின் எதிர்காலத்திலிருந்து கழிகிறது. ஆகவே படம் எதைக் காட்டுகிறது என்ற விசாரணைக்கு முன்பாக, படமெடுக்கும் இடத்துக்குக் குழந்தை எப்பொழுது போய்ச் சேர்கிறது என்ற விசாரணை நிற்கிறது.

இனி, படம் காட்டுவது என்ன என்று பார்ப்போம். 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனை அடுத்த விம்பிள்டனில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில், ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற எஞ்சினீயர் அமைத்த கருவியைக் கொண்டு ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டது. மண்டையோட்டைத் திறவாமலே உள்ளிருப்பதைப் படலம் படலமாகக் காணும் சி.டி. ஸ்கேன் அன்று பிறந்தது. அதற்காக அவரும் கார்மாக் என்ற பௌதிக ஆசிரியரும் 1979ல் நோபல் பரிசு பெற்றனர். சில நிமிஷங்களில் எடுத்துவிடக்கூடிய இப்படம் எலும்பு முறிவையும், இரத்தக் கட்டையும், வீக்கத்தையும், மூளை ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதையும் காட்டுகிறது. 1974ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இருவர், கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் வைத்து 3 முதல் 15 வரை நினைவு நிலையை அளக்கும் முறையொன்றை வகுத்தனர். அவ்வளவையும் இப்படத்தையும் சேர்த்துப் பார்த்தே, அடிபட்டவர் பிழைப்பாரா என்பதை இன்று உலகெங்கும் கணிக்கின்றனர்.

ஆயின் எல்லாக் குழந்தைகளுக்கும் உடனே ஸ்கேன் எடுத்துவிட வேண்டுமென்று எண்ணுவது தவறு. 2009ல் வட அமெரிக்காவின் 25 ஆஸ்பத்திரிகளில், நினைவு பெரிதும் தவறாத 42,412 குழந்தைகளைப் பரிசோதித்த முடிவு வெளியாயிற்று. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தது. கவலைக்குரிய மூளைக்காயம் கண்டதோ 376 பேருக்கு மட்டுமே, அதாவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. குழந்தையின் நடத்தை, வாந்தி, நினைவிழப்பு, விழுந்த வேகம், மண்டையின் நிலை ஆகியவற்றைக் கவனித்தே யாருக்கு ஸ்கேன் தேவையில்லை என்று தீர்மானிக்கும் முறையை அவ்வாராய்ச்சி வகுத்தது. ஸ்கேனில் பாயும் கதிர், வளரும் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் அபாயத்தைச் சிறிதளவு கூட்டுகிறது என்பதை 2012ல் பிரிட்டனில் வெளிவந்த ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. அபாயம் சிறிதுதான், அவசியமான இடத்தில் அதற்கு அஞ்சிக் காலதாமதம் செய்யலாகாது. அவசியமில்லாத இடத்தில், கருவி வாங்கிய கடனைத் தீர்ப்பதற்காகக் குழந்தையின் தலையைப் படமெடுப்பது தர்மமாகாது.

சி.டி. காட்டாத காயமும் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி சூளையிலிருந்து எடுத்த ஜாடியைக் கண்ணால் பார்த்ததும் நம்பிவிடுவதில்லை. விரலால் தட்டி ஓசையைக் கேட்கிறான். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓசையில் தெரியும். தலை அதிவேகமாகக் குலுங்கி நிற்கும்பொழுது மூளையின் ஒரு பாகத்தை மற்றொரு பாகத்தோடு இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு நைந்து போகின்றன. இரத்தக் கட்டு இல்லை, எலும்பு முறிவு இல்லை, சி.டி. படமும் சுத்தமாக இருக்கிறது. குழந்தை மட்டும் பழைய குழந்தையாக இல்லை. இந்நைவைத் தட்டிப் பார்க்கும் விரலாக வந்திருப்பது காந்த சக்தியால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி. அதில் ஒரு முறை, மணியளவு இரத்தக் கசிவுகளையும் கரும்புள்ளிகளாகக் காட்டுகிறது. மற்றொரு முறை, நரம்பிழைகளின் வழியே நீரணுக்கள் செல்லும் திசையை அளந்து இழைகளின் கட்டுக்கோப்பைக் காட்டுகிறது. மூன்றாவது முறை, படத்துக்குப் பதிலாக மூளையிலுள்ள இரசாயனப் பொருள்களின் அளவைச் சொல்லி, நரம்பணுக்கள் நலமாக உள்ளனவா என்று அறிவிக்கிறது.

இவற்றைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்க முடியுமா? கலிபோர்னியாவில் லோமா லிண்டா என்னுமிடத்து டாக்டர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அடிபட்ட குழந்தைகளை இவ்வாறு படமெடுத்து, மாதக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். கரும்புள்ளிகளின் எண்ணிக்கையும் பரப்பும் மிகுந்த குழந்தைகள் பின்னர் அதிகம் அவதிப்பட்டதைக் கண்டனர். 2017ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. பலத்த அடிபட்ட பள்ளிப்பருவத்துச் சிறுவர் சிறுமியரை, விபத்து நேர்ந்த சில மாதங்களுக்குள் ஒரு முறையும், ஓராண்டுக்குப்பின் மறு முறையும் படமெடுத்தனர். அத்துடன், மூளையின் இடப்பாதியிலிருந்து வலப்பாதிக்குச் செய்தி எவ்வளவு விரைவில் கடக்கிறது என்பதை, தலைமேல் பொருத்திய மின்கம்பிகளால் அளந்தனர். ஒரு சாரார்க்குச் செய்தி தாமதமின்றிக் கடந்தது. அவர்களது நரம்பிழைகள் பெரும்பாலும் சரியான வழியில் தேறின. மற்றொரு சாரார்க்குச் செய்தி மெதுவாகக் கடந்தது. அவர்களது நரம்பிழைகளோ அடி ஆறிய பின்னும், மாதங்கள் செல்லச் செல்ல மேலும் சிதைந்துகொண்டே போயின. அடியின் கடுமை ஒன்றாகத் தோன்றிய குழந்தைகளுள்ளேயே இரு வேறு வழிகள்! எவ்வழியில் எக்குழந்தை செல்கிறது என்பதை முன்னதாக அறிய இயலுமெனில், கைகொடுக்க வேண்டிய குழந்தைக்குக் காலத்தில் கைகொடுக்கலாமல்லவா? இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை இதுவே.

எனினும் இதனை அளவுக்கு மீறிப் பாராட்டுவதற்கு நாம் தயாராக இல்லை. முதலாவதாக, இப்பரிசோதனைகள் சில பத்துக் குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்டவை. ஒரு கூட்டத்தைப் பற்றிப் பொதுவாக உண்மையானது, அக்கூட்டத்திலுள்ள ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் உண்மையாகிவிடாது. இரண்டாவதாக, குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டிருக்கும் மூளை. இளமூளை எந்த அடியையும் தாங்கி மீளும் என்று ஒரு காலத்தில் நம்பினர். மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சிகள் அந்நம்பிக்கையைப் பெரிதும் மாற்றிவிட்டன. நான்கு வயதில் அடிபட்ட பிள்ளைக்கு, அப்பொழுது இன்னும் முளைக்காத ஆற்றல்கள் பல உண்டு. யோசித்துத் திட்டமிடுதல், கோபத்தை அடக்குதல், பாடத்தில் நெடுநேரம் மனத்தை நிறுத்துதல் ஆகியவற்றின் குறை பத்து வயதிலே வெளிப்படலாம். அன்றைய படம் இதனை முழுதும் சொல்லிவிடாது. மூன்றாவதாக, வீட்டின் நிலையும் விதியை மாற்றுகிறது. ஓஹையோவில் பல்லாண்டுகள் நடந்த ஆராய்ச்சி, ஒரே அளவு அடிபட்ட குழந்தைகளுள்ளும், ஆதரவும் அமைதியும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் நன்கு தேறுவதையும், வறுமையும் கலக்கமும் மிகுந்த குடும்பத்துப் பிள்ளைகள் பின்தங்குவதையும் காட்டியது. எந்தக் கருவியும் வீட்டின் அடுப்பைப் படமெடுப்பதில்லை.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. நம் ஜனங்கள் நடப்பதையெல்லாம் தலையெழுத்து என்று சொல்லிப் பழகியவர்கள். பிரமன் எழுதியது கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் அதற்கு மாறாக முயல்வதற்கு மனிதனுக்கு இடம் இருந்தது. இப்பொழுது தலைக்குள் இருப்பதைக் கறுப்பு வெள்ளைப் படமாக வெளிச்சப் பெட்டியில் மாட்டி, "இக்குழந்தை தேறாது" என்று ஒரு டாக்டர் சொல்வாரானால், அச்சொல்லுக்கு மேல் அப்பீல் உண்டா? ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிலத்தை அடகு வைத்துவிட்டு நிற்கும் தகப்பன், அச்சொல்லைக் கேட்டதும் குழந்தையை வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறான். சிகிச்சை நின்றதால் குழந்தை தேறாமற் போகிறது. கணிப்பு பலித்துவிட்டது என்று ஏடு எழுதிக்கொள்கிறது! கணிப்பே காரணமாகிக் காரியத்தை விளைவிக்கும் இந்தச் சுழலை மேல்நாட்டு வைத்தியர்களே உணர்ந்து, ஆரம்ப நாட்களின் அறிகுறியைக்கொண்டு சிகிச்சையைக் கைவிடலாகாது என்று எச்சரித்துள்ளனர். கைப்பணம் தீர்ந்த இடத்தில் சிகிச்சை தீரும் நம் நாட்டில் அவ்வெச்சரிக்கை பன்மடங்கு அவசியம். கைவிடுவதற்குக் காரணம் தேடும் கருவியாகப் படம் ஒருபொழுதும் ஆகலாகாது. எங்கே அதிகம் கைகொடுக்க வேண்டும் என்று சுட்டும் விரலாகவே அது நிற்க வேண்டும்.

இனி சர்க்காரின் ஏற்பாடுகளைக் கவனிப்போம். "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கிற்று. விபத்தில் அடிபட்டவர்க்கு முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சை அதன்கீழ் இலவசம். மத்திய சர்க்காரும் 2025 மே மாதத்தில், ஏழு நாட்கள் வரையில் 1,50,000 ரூபாய்க்குட்பட்ட சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டத்தை வெளியிட்டது. இவ்விரண்டையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம். உயிர் காத்தல் முதற் கடமை. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆராய்ச்சி கூறுவதென்ன? சில குழந்தைகளின் மூளை ஓராண்டுக்குப் பின்னும் சிதைந்துகொண்டிருக்கிறது என்பதல்லவா? 48 மணி நேரம் எங்கே, ஏழு நாட்கள் எங்கே, ஓராண்டு எங்கே! எட்டாம் நாள் அக்குழந்தை யாருடைய பொறுப்பு? தையல் பிரித்து, மாத்திரைச் சீட்டுடன் நல்லூருக்குத் திரும்பும் பிள்ளையை மறுபடி ஒருவரும் பார்ப்பதில்லை. அடுத்த ஜூன் மாதத்தில் அது பள்ளிக்குச் செல்லும். எழுதியதை மறக்கும், வகுப்பில் தூங்கும், தொட்டதற்கெல்லாம் சீறும். உபாத்தியாயர் சோம்பேறி என்பார். தாய் யாரோ செய்வினை செய்துவிட்டதாக நினைத்து மந்திரிக்க எடுத்துச் செல்வாள். தகப்பன் பிரம்பை எடுப்பான். அடிபட்ட மூளைக்கு மேலும் ஓர் அடி!

சட்டமும் இக்குழந்தையை மறந்திருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1990ஆம் ஆண்டிலேயே, விசேஷக் கல்விக்கு உரிமையுள்ள குழந்தைகளின் பட்டியலில் தலைக்காயத்தால் மூளை பாதிக்கப்பட்டவர் தனி வகையாகச் சேர்க்கப்பட்டனர். நமது தேசத்தின் 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. பார்வை, செவி, பேச்சு, அறிவு வளர்ச்சி, கற்றல் குறை, மூளை முடக்குவாதம் ஆகியவை உண்டு. தலைக்காயத்தின் விளைவு என்ற தனி வகை இல்லை. கால் முடங்கினால் ஒரு சீட்டு, பேச்சிழந்தால் ஒரு சீட்டு கிடைக்கும். நடக்கவும் பேசவும் முடிந்து, நினைவும் நிதானமும் மட்டும் குன்றிய பிள்ளை எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை. பிற வகைகளையும் அறிவித்துச் சேர்க்க மத்திய சர்க்காருக்கு அச்சட்டமே அதிகாரம் அளித்திருக்கிறது. புதிய மசோதா வேண்டியதில்லை. ஓர் அறிவிப்புப் போதும். அதனைச் செய்யுமாறு நமது பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் வற்புறுத்த வேண்டும்.

மற்றொன்று தேசத்தின் சுயமரியாதையைப் பற்றியது. மேலே நாம் கூறிய கணிப்புக்கள் அமெரிக்கக் குழந்தைகளையும் ஆஸ்திரேலியக் குழந்தைகளையும் அளந்து பெற்றவை. அங்கே மோட்டார் காரில் வாரால் கட்டப்பட்டு அமர்ந்த பிள்ளை அடிபடுகிறது. சில நிமிஷங்களில் ஆஸ்பத்திரி சேர்கிறது. வீடு திரும்பியபின் பயிற்சி அளிப்போர் காத்திருக்கின்றனர். இங்கே வெறுந்தலையுடன் வண்டியின் முன்னே நின்ற பிள்ளை தார்ச்சாலையில் விழுகிறது. அவர்களுடைய தராசில் நம் பிள்ளையை நிறுத்தால் எடை சரியாக வருமா? இரவல் கணிப்பு இரவல் சட்டையைப் போன்றது. மானத்தை மறைக்கலாம், அளவுக்குப் பொருந்தாது. மூளை ரண சிகிச்சை இந்தியாவில் முதன்முதல் வேரூன்றிய மண் தமிழ்நாடு. 1949ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் இத்துறையைத் தொடங்கினர். தலை ஸ்கேன்களை இயந்திர அறிவால் படித்து இரத்தக் கட்டைக் கண்டறியும் முறையை, நம் தேசத்து ஸ்கேன்கள் மூன்று லட்சத்துக்கு மேல் திரட்டி மும்பை நிறுவனமொன்று உருவாக்கியது. 2018ல் உலகப் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகை அதனை வெளியிட்டது. படங்களுக்கும் பஞ்சமில்லை, மேதைகளுக்கும் பஞ்சமில்லை. படமெடுத்த குழந்தை ஓராண்டு கழித்து எப்படியிருக்கிறது என்று போய்ப் பார்த்து எழுதி வைக்கும் பொறுமைக்குத்தான் பஞ்சம். கணிப்புக் கலையின் அஸ்திவாரம் அப்பொறுமையே.

ஆகவே நாம் கேட்பவை அதிகமல்ல. சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றும், பலத்த தலைக்காயத்துடன் வந்த குழந்தைகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து, மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும், ஆண்டு முடிவிலும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டும். வரும் செலவை சர்க்கார் ஏற்க வேண்டும். எம்.ஆர்.ஐ. தேவைப்படும் குழந்தைக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும். பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளைப் பரிசோதிக்கும் வைத்தியக் குழுக்கள் 2013 முதல் தேசமெங்கும் உள்ளன, "சென்ற ஆண்டு தலையில் அடிபட்டதா?" என்ற ஒரு கேள்வியையும் அவர்கள் கேட்கட்டும். 2021 முதல் வீடு தேடிச் செல்லும் "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர்கள் முதியோருக்கு அளிக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையை இக்குழந்தைகளுக்கும் நீட்டட்டும். உபாத்தியாயர் பயிற்சியில், அடிபட்ட பிள்ளையின் மறதி குற்றமன்று என்ற பாடம் ஒன்று இடம்பெறட்டும். இவற்றுள் எதற்கும் புதிய கட்டிடமோ புதிய இலாகாவோ வேண்டியதில்லை. உள்ள கைகளைக் கோத்துவிட்டால் போதும்.

பொதுஜனங்களின் கடமையும் சிறிதன்று. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலைக்கவசமின்றி இருசக்கர வண்டியில் செல்லலாகாதென 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளுக்கும் கவசமும் பாதுகாப்பு வாரும் வேண்டுமென்றும், அவர்களுடன் செல்லும் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலாகாதென்றும் 2022ல் விதி செய்யப்பட்டது. தகப்பன் போலீஸுக்குப் பயந்து தன் தலையை மூடிக்கொண்டு, குழந்தையின் தலையைத் திறந்து விடுகிறான்! சாலையில் குற்றுயிராய்க் கிடப்பவரைத் தூக்கிச் செல்வோரைத் துன்புறுத்தலாகாதென சுப்ரீம் கோர்ட்டு 2016ல் தீர்ப்பளித்தது. 2019ல் அது சட்டமும் ஆயிற்று. இனியும் சாக்குச் சொல்லிச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர் நாகரிக சமூகத்தினர் அல்லர். இவ்விஷயங்களைக் கிராமந்தோறும் எடுத்துச் சொல்வது தேசத் தொண்டர்களின் வேலை. மேடையில் தேசத்தின் எதிர்காலம் என்று குழந்தைகளைப் புகழ்வது எளிது. அவ்வெதிர்காலத்தின் தலைமேல் ஒரு கவசத்தை வைத்துக் கட்டுவது அதனினும் பயனுள்ள சேவை.

மூளையின் படம் ஒரு குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றி இன்று சில வரிகளைப் படித்துக் காட்டுகிறது. நாளை இன்னும் பல வரிகளைப் படிக்கும். படித்துச் சொல்வது சாஸ்திரத்தின் வேலை. திருத்தி எழுதுவது சர்க்காரின் வேலை, சமூகத்தின் வேலை. படிக்க மட்டும் கற்று, திருத்தி எழுத மறுப்போமானால், கோடிக்கணக்கில் பணங்கொடுத்து வாங்கிய கருவி, கிளி ஜோஸ்யனின் சீட்டுக்கு மேலான பொருளாக இராது.